நிழலுக்கு எத்தனை எழுத்து

செந்தூல் பசாருக்குப் பின்னால் என் லோரி நிற்கும்.
நானூற்று இருபது சிவப்பு நாற்காலி,
பதினாறு கூடாரம், அதில் ஒன்று கிழிசல்.
கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம்,
யார் கூப்பிட்டாலும் கொண்டுபோய் இறக்குவேன்.
கடைப் பெயர்: நிழல்.

வலைத்தளம் போடலாம் என்று உட்கார்ந்த அன்று
முதலில் மாட்டியது ழகரம்.
ஆங்கிலத்தில் அதற்கு நாற்காலியே இல்லை.
இசட், எச் என்று எழுதிய நிழலை
ஜொகூரில் யாரோ முன்பே பிடித்துவிட்டார்கள்.
எல் என்று எழுதினால்
தமிழ்ப்பள்ளி ரெங்கநாயகி டீச்சர் முறைப்பார்.
முறைக்கட்டும்.
ஆண்டுக்கு ஐம்பத்தொன்பது வெள்ளி.

வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.
இல்லையாம். வாடகைதானாம்.
நாற்காலியை வாடகைக்கு விடுகிறவளுக்கே
பெயர் வாடகைக்கு வரும் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெயர் மட்டும் போதாது, இடமும் பிடிக்கணும் என்றார்கள்.
அது சொல்லாமலே புரிந்தது:
திடல் கிடைக்காமல் எந்தக் கூடாரம் நின்றது?
சைபர்ஜெயாவில், குளிரூட்டிய அறையில்,
தூங்காத கணினி ஒன்றில் எனக்கொரு மூலை.
மாதம் பன்னிரண்டு வெள்ளிக்கு மூலைதான் கிடைக்கும்.
அதே கணினியில் இன்னும் முந்நூறு பேர்.
எங்கள் அடுக்குமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி:
பதினோராம் மாடியில் ஒருத்தி போர்வை அலசினால்
என் குழாயில் காற்று வரும்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் எல்லாரும்
ஒரே ராத்திரியில் விலை பார்க்க வந்தார்கள்.
பக்கம் சுற்றியது, சுற்றியது,
காவடி எடுப்பவர்கூட நடுவில் நின்று மூச்சு வாங்குவார்.

பூட்டுப் படம் இல்லையே என்று
முன்பணம் கட்ட வந்தவர் திரும்பிப் போனார்.
பூட்டு வாங்கி மாட்டினேன்.
அது நான் நேர்மையானவள் என்று சொல்லாது.
அவர் அனுப்பிய கடிதத்தை
வழியில் எவரும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை.
யாரும் என்னைத் தேடவில்லை,
அதனால் நான் காணாமல் போனதும் தெரியவில்லை.
ஆவணிக்கு ஆள் கேட்டு வந்த ஒருவர் சொன்னார்:
"உங்க பக்கமே இல்லையேம்மா."

பெயரைப் பதிந்தவன் துளசிராமன்.
அப்போது பங்காளி.
சின்ன லோரியோடு ஈப்போவுக்குப் போனபிறகு
ஒன்பது மாதம் பேச்சில்லை.
நிறுவனம் அனுப்பிய கடிதம் எல்லாம்
அவன் முகவரிக்கே போயிருக்கிறது.

போன் செய்தேன்.
"மூணு தடவை வந்துச்சு.
உன் பேர் முடியப்போகுதுன்னு
உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

சலுகை நாள் இன்னும் நாலு பாக்கி.
அன்றைக்கே கட்டினான்.
பெயரை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தான்.
காசு அனுப்பட்டுமா என்றேன்,
மழை பெய்யுது, அப்புறம் பேசறேன் என்றான்.

மூலையையும் மாற்றினேன், கொஞ்சம் அகலமாக.
மைலோ டின்னில் போட்டுவைத்த பென்டிரைவில்
நாற்காலி, விலை, படம், எல்லாம் பத்திரம்.
இந்தப் பெயருக்கு இனிமேல் இந்த வீடு என்று
திசையைத் திருப்பி எழுதினேன்.
ஊரெங்கும் தகவல் சேர ஒரு நாள்கூட ஆகலாமாம்,
சாவுச் செய்தி மட்டும்தான் உடனே பரவும்.

ராத்திரி ஒன்றரைக்கு அவன் கூப்பிட்டான்.
"தெரியுது."
"எனக்கு இன்னும் வரல."
"இங்க தெரியுது. சிவப்பு நாற்காலி.
அட, அந்தக் கிழிஞ்ச கூடாரத்தையும் போட்டிருக்கியே."

என் திரையில்
தளத்தை அடைய முடியவில்லை என்றே இருந்தது.
"அப்படியே வாசி," என்றேன்,
"மேலேயிருந்து."
அவன் வாசித்தான்.
விலைப் பட்டியலில் ஒரு பூஜ்யம் கூடுதலாம்.