காய்ந்த பிறகு எடை

வால்டிவியாவில் ஜூன் மாதம்
துணி தானாய்க் காயாது.
எலியானா கத்ரிலேயோவின் சலவைக்கடையில்
கிலோவுக்கு இரண்டாயிரம் பேசோ,
கம்பளி என்றால் மூவாயிரம்.
சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது.
யாரும் பேரம் பேசுவதில்லை.

என் விலையை எழுதத்தான்
சுவர் அகப்படவில்லை.

நேற்றிரவு கணக்குப் போட்டேன்.
நாற்பத்தாறு மணி நேரம்.
அதில் ஒன்பது, ஒரே ஓர் எழுத்துக்குப் போனது.
முன்யோஸ் என்ற பெயரின் நடுவில்
தலைமேல் சிற்றலை சுமந்து நிற்குமே, அது.
சீட்டு அச்சிடும் அவரது கிழட்டு இயந்திரம்
அந்த அலையைக் கண்டால்
கேள்விக்குறி போட்டுவிடும்.
இந்த ஊரில்
முன்யோஸ் இல்லாத தெரு ஏது?

பை மாறிப்போவதைத் தடுக்கும் வரிகளோ
(என்னைக் கூப்பிட்டதே அதற்குத்தான்)
நாலு நிமிடம்.
தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள்
முடிந்துவிட்டன.

மைத்துனன் ஃபாபியான் சொன்னான்:
"அவளுக்கு மிச்சமாவதில் பாதி கேள்.
மணிக்கணக்குப் பார்ப்பவன்
மூட்டை தூக்கப் போகட்டும்."

ஐந்து லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம்
என்று எழுதிய தாளோடு கிளம்பினேன்.
பாலத்தின் நடுவில் வெட்கம் வந்து
முன்யோஸின் ஒன்பது மணியை அடித்தேன்.
பாலம் இறங்கியதும் கோபம் வந்து
மறுபடி சேர்த்தேன்.
மழை இரண்டு தொகையையும் கலந்து
நீலக் குட்டையாக்கியது.

"இது நாலா, ஐந்தா?" என்றார் எலியானா.
எனக்கும் தெரியவில்லை என்றேன்.

கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.
தொலைந்தவற்றின் பட்டியல்:
நீதிபதி வீட்டுப் படுக்கை விரிப்பு,
மீனவர் ஒருவரின் ஸ்வெட்டர், இரண்டு முறை,
ஞானஸ்நானத்துக்குத் தைத்த சின்னஞ்சிறு சட்டை.
ஈடு கொடுத்தது மாதம் எழுபதாயிரம்.
"இதைக் காட்டினால் என் மகன் திட்டுவான்.
இருந்தாலும் நீ பார்."

அதன்பின் எனக்கு மறைக்க மனம் வரவில்லை.
நாலு நிமிடத்தைச் சொன்னேன்,
ஒன்பது மணியையும்.

"நாலு நிமிடத்துக்கு நாலு நிமிடக் காசு போதும்.
அந்த எழுத்துக்கு முழுசாய் வாங்கிக்கொள்.
பதிவு அலுவலகத்தில் என் பெயரை
மூன்று விதமாய்த் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.
இன்னும் அங்கே போக எனக்குக் கால் வராது."

"பிறகு பழுதானால்?"
"மழைக்காலம் முடியும்வரை இலவசம்" என்றேன்.
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
அதை அடித்துவிட்டு
ஆறு மாதம் என்று எழுதினோம்.

பாதிப் பணம் அப்போதே,
மீதி செப்டம்பரில்.
எண்ணி வாங்கும்போதும்
கொஞ்சம் அதிகமோ என்றது ஒரு மனம்,
ஃபாபியான் கேட்டால் என்ன சொல்வது என்றது இன்னொன்று.

நனைந்த என் கம்பளிக் கோட்டைக்
கழற்றித் தராசில் வைக்கப் போனேன்.
தடுத்தார். "ஈரத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.
காய்ந்த பிறகுதான் எடை."

சீட்டு மட்டும் அச்சானது, புதிய நிரல் போட்ட முதல் சீட்டு.
ரெனாத்தோ ஓயார்சூன்.
என் பெயரின் கடைசி உயிரெழுத்து
தலைமேல் ஒரு சாய்கோடு சுமப்பது.
அந்த இடத்தில்
கேள்விக்குறி.

எலியானா சீட்டைத் திருப்பி
என் பக்கம் தள்ளினார்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"இது ஆறு மாதத்துக்குள் வருமா?"