கேட் சத்தம்

ஆறரைக்கு வரவேண்டியவன் தேசிகன்.
ஏழு நாற்பது.
சாட்ஸ்வொர்த் முழுக்க கரண்ட் இல்லை,
போன் டவரும் செத்துவிட்டது.

கழுவிய கோப்பையை மறுபடி கழுவுகிறேன்.
ஹிகின்சன் சாலையில் போகிற ஒவ்வொரு லாரியும்
என் வயிற்றின் மேல் ஏறிப் போகிறது.
நாலு எண்ணி மூச்சை இழு,
ஆறு எண்ணி விடு என்றாள் கிளினிக் நர்ஸ்.
விடும்போது, ஐந்தில், ஆம்புலன்ஸ்.

மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம்
லோஷினி பொம்மையைப் போட்டுவிட்டு
என் முகத்தையே பார்க்கிறாள்,
மழை வருமா என்று பார்ப்பதுபோல.
ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.
நம்பவில்லை.
மூன்று வயதுக்கு இவ்வளவு போதும்.

பிறகு
மோட்டார் ஓடாத கேட்டைக்
கையால் இழுக்கும் சத்தம்.

வந்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான்
எங்கிருந்தோ கிளம்புகிறது அத்தனை கோபமும்.
"எங்கே தொலைந்தாய்?"

டயர் மாற்றிய கை, உள்ளங்கையெல்லாம் கிரீஸ்.
பதில் சொல்லாமல்
புறங்கையை என் கழுத்தில் வைக்கிறான்,
பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிக்கிறவன் மாதிரி.

அடங்கவில்லை.
இன்னும் நாலு வார்த்தை பாக்கி இருக்கிறது,
சொல்லத்தான் போகிறேன்.

ஆனால் லோஷினி
பொம்மைக்குத் திரும்பிவிட்டாள்.
அதன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.