கடவாய்ப்பல்

சார்ப்பி எல்லைச்சாவடி, ஏழாம் எண் சன்னல்.
பதினோரு வருடமாக முத்திரை குத்துகிறேன்.
நாளைக்கு எண்ணூறு கடவுச்சீட்டு.
முகம், படம், மறுபடி முகம், டப்.
கொட்டை மூட்டை ஏற்றிய டிரைவர்கள்,
துருக்கிப் பக்கம் தேயிலை பறிக்கப் போகும் பெண்கள்,
தூங்கிக்கொண்டே நாடு மாறும் குழந்தைகள்.
டப். டப்.

"ராத்திரியில் பல்லைக் கடிக்கிறாய்" என்றார் மருத்துவர் சியாலா.
குட்டிக் கண்ணாடியில் காட்டினார்.
கடவாய்ப்பல் இரண்டும்
ரயில்நிலையப் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருந்தன.
பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்குத்தானே
சம்பளம் தருகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன்;
வாய்க்குள் அவர் விரல் இருந்தது.
"உறை போட்டால் நானூறு லாரி"
(சக்கரமில்லாமலே ஓடிவிடும் எங்கள் பணத்துக்கு
அதுதான் பெயர்).
"இல்லையா, கைக்கு ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்.
அது இலவசம்."

இலவசம் இல்லை.
தரைவிரிப்புக் கடையில் யார் வீட்டுச் சமையலறைக்கோ
வெட்டியது போக மிஞ்சிய லினோலியத் துண்டு,
மூன்று உளி, ஒரு உருளை, ஒரு டப்பா நீல மை.
கறுப்பு தீர்ந்துபோயிற்றாம்.
சாப்பாட்டு மேசையைச் செய்தித்தாள் மூடியது.
நுக்ஸார் தன் தட்டோடு தொலைக்காட்சிப் பக்கம்
முத்திரை எதுவும் கேட்காமல் குடிபெயர்ந்தான்.

முதலில் ஒரு மாண்டரின் பழம்.
இலை, காம்பு, தோலில் உள்ள புள்ளிகள் வரைக்கும் செதுக்கினேன்.
மை தடவி ஒற்றி எடுத்ததும்
"உருளைக்கிழங்கு பிரமாதம்" என்றான் நுக்ஸார்.
அடுத்தது கலங்கரை விளக்கம், அடியில் ஊர்ப்பெயர்.
பத்தூமி இடவலம் மாறி,
கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி விழுந்தது.
மூன்றாவதில் இடது கட்டைவிரல். இரண்டு தையல்.
நாலாவது பூனை.
பூனைக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தபோது,
மணி ஒன்றரை,
தாடை வலித்தது.
கடித்துக்கொண்டிருக்கிறேன்.
இந்தத் தடவை முழித்துக்கொண்டே.

உளிகளைக் கரண்டிகளோடு போட்டு டிராயரை மூடினேன்.

நவம்பரில் ஒருநாள் மலை சரிந்து சாலையில் உட்கார்ந்தது.
சன்னலுக்கு ஆள் வரவில்லை, ஆறு மணி நேரம்.
முத்திரை தன் மைப்பெட்டியில் கிடந்தது.
நான் வெளியே பார்த்தேன்.
மழை. பத்தூமிப் பக்கம் அது செய்தியே அல்ல.
நிற்கிற லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து
ஒரு டிரைவர் மழையிலேயே பல் துலக்கினார்,
அவசரமே இல்லாமல்,
கொப்பளிக்க அண்ணாந்து வாயைத் திறந்தபடி.

அன்றிரவு மிஞ்சிய துண்டில் ஒரு கோடு இழுத்தேன்.
சாய்வாக. பக்கத்தில் இன்னொன்று.
மழையில் தப்பான கோடு கிடையாது.
நீண்டால் அடைமழை,
பாதியில் நின்றால் அங்கே ஏதோ கூரை,
உளி வழுக்கினால் அது காற்று.
லினோலியம் சுருள் சுருளாக உதிர்ந்து
ஆளிவிதை எண்ணெய் மணத்தது.
எடுத்த இடம் வெள்ளையாகும். விட்ட இடம் நீலம்.
அவ்வளவுதான் சட்டம்.
எதையும் பார்த்து உறுதி செய்ய வேண்டியதில்லை.

தண்ணீர் குடிக்க வந்த நுக்ஸார் சொன்னான்:
"வாயை மூடு, ஈ போய்விடும்."

திறந்திருந்தது.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

இப்போதும் சில வாரம் கடிக்கிறேன்,
முக்கியமாக விடுமுறைக் கூட்டம் வரும்போது.
நகக்கண்ணில் நீலம் போவதே இல்லை.
"முத்திரை மையை மாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார்
திராப்ஸோன்காரர் ஒருவர்.
டப், என்றேன்.

மார்ச்சில் சியாலா எட்டிப் பார்த்துவிட்டு,
தேய்ந்தது தேய்ந்ததுதான், மேற்கொண்டு தேயவில்லை என்றார்.
ஒரு மழை கொடுத்தேன்.
காத்திருப்பு அறையில் அன்றே மாட்டிவிட்டார்,
தலைகீழாக.
தரையிலிருந்து கிளம்பி மேலே போகிறது.
அதற்கு அடியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்தான்.