ஒன்றரை வினாடி

குளச்சலில் மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரிக்குள்
ஒரு விண்கப்பலின் தலையை மட்டும் கட்டியிருந்தார்கள்.
உடல் மேலே தயாராகிறதாம், சந்திரனுக்கு அப்பால்.
தலைக்கு வயர் இழுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அமோனியா வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.
இருக்கை மூன்று, திரை பதினொன்று,
தரைக்கடியில் நாலு அலமாரி நிறைய
கப்பலை ஓட்டப் போகிற கணினி.
வெல்டிங் பையன்கள் அதற்கு
ஸ்ராங்கு என்று பேர் வைத்தார்கள்,
விசைப்படகில் சுக்கான் பிடிக்கிறவனின் பேர்.
இந்த ஸ்ராங்கு தூங்காது,
பங்கு கேட்காது,
பெருநாளுக்கு ஊர் திரும்பணும் என்று அடம்பிடிக்காது.

வரைபடத்தின் கடைசித் தாளில்
நடு இருக்கைக்கு வலக்கை எட்டும் தூரத்தில்
ஒரு சிவப்புப் பிடி.
‘மனிதக் கட்டுப்பாடு’ என்று பலகை.
நாலு திருகாணி.
கம்பி?
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
கம்பி இல்லை.

தக்கலை ரெஜினால்டு சார் சிரித்தார்.
“தங்கபாயி, அது ஆளுகளுக்க வெப்ராளத்துக்கு.
பிடிக்க ஒண்ணு வேணும்லா.
பஸ்ஸுல கம்பியப் பிடிச்சிட்டு நிக்கோம்,
அதுக்காவ பஸ்ஸ நாமளா ஓட்டுகோம்?”

நியாயம்தான்.
களியக்காவிளை வரை நின்றே போகிறவள் நான்,
அந்தக் கம்பியின் அருமை தெரியும்.
அங்கிருந்து கேரளா பஸ்ஸில் ஏறினால்
மேலே ஒரு மணிக்கயிறும் ஓடும்.
அதை நான் சொல்லவில்லை.
திருகாணி நாலையும் முடுக்கினேன்.
இழுத்தால் டக்கென்று கேட்க
ஒரு ஸ்பிரிங்கும் வைத்தேன்.

தூத்தூர் ஆன்சி பபிதா நடு இருக்கையில் உட்கார்ந்தாள்.
திரை முழுக்கக் கல்மழை.
நூறு கல்லில் தொண்ணூற்றெட்டுக்கு விலகியது ஸ்ராங்கு.
முந்தின நாள் தனிச் சுக்கானில்
அவள் விலகியது அறுபத்தொன்று.

தப்பிய இரண்டில் ஒன்று கல்லே அல்ல.
பழுதுபார்க்க வெளியே போன இரண்டு பேர்,
கயிற்றோடு மிதந்தார்கள்.
குப்பை என்று கணக்குப் போட்டு
கயிற்றை வெட்டிவிட்டு நகர்ந்தது கப்பல்,
அலுங்காமல், குலுங்காமல்.
அவள் பிடியை இழுத்தாள்.
டக்.
இன்னொரு தடவை.
டக்.

திரையில்தான் செத்தார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை.
வெளியே வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.
“அக்கா, நான் இழுத்தேன்லா?”
இழுத்தாய் என்றேன்.
வேறென்ன சொல்வேன்,
சத்தம் வைத்தவள் நான்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தரைப் பலகையைக் கழற்றினேன்.
சுக்கானை முழுசாக அவள் கையில் கொடுக்கவும் பயம்.
அறுபத்தொன்று அறுபத்தொன்றுதான்.
என் கையையே நான் நம்பமாட்டேன்:
மணவாளக்குறிச்சியில் நியூட்ரல் என்று தொட்டது
நியூட்ரல் இல்லை,
இரண்டு விரல் இன்றைக்கும் மரத்தே இருக்கிறது.

பம்ப்செட்டில் போடுகிற டைமர் ரிலே ஒன்று
பையில் கிடந்தது.
அதைக் கயிறு வெட்டும் கத்திக்கும்
பிடிக்கும் நடுவில் வைத்தேன்.
கல்லென்றால் நீயே விலகிக்கொள் ஸ்ராங்கு,
எங்களைக் கேட்டுக்கொண்டு நிற்காதே.
கயிற்றை வெட்டணுமென்றால் மட்டும்
ஒன்றரை வினாடி பொறு,
யாராவது இழுக்கிறார்களா பார்.

விடியற்காலம் பற்றுவைத்து முடித்தபோது
வெளியே ஏலக்காரர் குரல்.

மறுநாள் தொண்ணூற்றாறு.
இரண்டு குறைந்துவிட்டதே என்று
ரெஜினால்டு சார் கண்ணாடியைத் துடைத்தார்.
திரையில் இரண்டு பேர் கயிற்றோடு மிதந்தார்கள்.
ஸ்ராங்கு நின்றது.
அவ்வளவு பெரிய எந்திரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை
அப்போதுதான் பார்த்தேன்.
பபிதாவின் கை பிடியில் இருந்தது.
டக் என்ற சத்தம்
கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அவர் எதையும் கழற்றச் சொல்லவில்லை.
பில்லில் மட்டும்
ரிலே ஒன்று, முந்நூற்று நாற்பது ரூபாய் என்ற வரிக்கு எதிரே
‘எதற்கு?’ என்று எழுதி அனுப்பினார்.
மணிக்கயிறு என்று எழுதித் திருப்பினேன்.

பணம் இன்னும் வரவில்லை.