கத்திகள் இருநூற்றுப் பதினொன்று

அட்டை பிய்ந்த அந்தக் கப்பல் கதையை
மூன்றாம் தரமும் வாசித்து முடித்திருந்தார் லெனரோல் துரை.
ஆபீசுக்கே கொண்டுவந்து ஒரு பக்கத்தைக் காட்டினார்.
"மாலுமிகள் முணுமுணுக்கத் தொடங்கியதும்
கப்டன் முதலில் என்ன செய்தான், கிளாக்கர்?
வெடிமருந்தைத் தன் அறைக்கடியில் மாற்றினான்.
நம்பின ஆட்களைக் கதவண்டை படுக்க வைத்தான்.
ஒருவனையும் அடிக்கவில்லை. சத்தமே இல்லை."

சம்பளப் பேச்சு முறிந்து அன்றைக்குப் பதினேழாம் நாள்.
பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால்
"இருக்கேன்" என்பது ஒரு மூச்சுப் பிந்தி வந்தது.
நடந்தது அவ்வளவுதான்.

கவ்வாத்துக் கத்தி முழுவதையும்
லயம் லயமாக வாங்கிப்
பங்களாப் பின்னறைக்கு ஏற்றச் சொன்னார்.
தீட்டுவதற்கென்று சொல்லு என்றார்.
சொன்னேன். எண்ணி எழுதியதும் நான்தான்.
ஒண்டிமுத்து கத்தியை நீட்டுமுன்
பிடியில் சுற்றியிருந்த சேலைக் கிழிசலை
நிதானமாக அவிழ்த்து மடித்து மடியில் செருகினான்.
"கத்தி தோட்டத்துது. துணி செவனம்மாவுது."

பிறகு லொறிச் சாவி தலையணை உறைக்குள் போனது.
ஸ்டோர் சங்குக்கு ஒரு பூட்டு.
வாச்சர் இருவருக்குக் குசினியோரம் பாய்.
அப்பு ஒவ்வொரு கறியையும் முதலில் தின்று காட்ட வேண்டும்;
மாதம் முடியுமுன் அவனுக்குச் சட்டை பிடிக்கவில்லை.

இரவில் விறாந்தையில் நின்று பார்த்தால்
பனி மேலேறி லயங்களை விழுங்கிவிடும்.
ஸ்டோர் மட்டும் மூன்று மாடி யன்னல் வெளிச்சத்தோடு
மிதக்கும்.
பொய் சொல்வானேன், எனக்கும் அது கப்பலாகத்தான் தெரிந்தது.
எந்தத் துறைக்குப் போகிறது என்று
துரையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து முறை வந்தது.
கொழும்பிலிருந்து தேதி போட்டுக் கடிதமும் வந்தது.

அன்று காலை ஆறுக்குப் பத்து நிமிடமிருக்க
நூற்றிருபது பேர் வரிசையில்.
ஒருவன் பிந்தவில்லை. கூப்பிட்ட வாய் மூடுமுன் "இருக்கேன்."
"வேலைக்கு வந்திட்டோம்ங்க. கத்தி குடுங்க."

துரை வெளியே வரவில்லை.
கொடுத்தால் ஆயுதம் கைமாறும்.
கொடுக்காவிட்டால், வந்து நின்றவனுக்குப்
பேர் போட்டே ஆகவேண்டும்.
போட்டேன். முழுப்பேர். மறுநாளும் முழுப்பேர்.
பதினோரு நாள்
வெறுங்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
நின்றே சம்பளம் எழுதிக்கொண்டார்கள்.
சங்கம் கூட்டமில்லை, கொடியில்லை.
ஆறாம் நம்பரில் செடி இடுப்புத் தாண்டி
நெஞ்சுக்கு வந்தது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி கூப்பிட்டு அனுப்பினார்.
சவரம் செய்யாத முகம். மேசையில் புத்தகம்.
"கப்டன் அதையெல்லாம் எப்போது
திருப்பிக் கொடுத்தான் என்று இருக்கா, பார்."

விளக்கடியில் விடியவிடியப் புரட்டினேன்.
புயல் இருக்கிறது. தீவு இருக்கிறது.
தண்ணீர்ப் பீப்பாய் எத்தனை என்றுகூட இருக்கிறது.
சுவருக்கு அந்தப் பக்கம்
குளிரில் வேர்த்துக்கொண்டிருந்தன
இருநூற்றுப் பதினொன்றும்.
அதில் ஒன்றுக்கு மட்டும் பிடி வெள்ளையாய், அம்மணமாய்.