அரைத் திருகு

பெரும்பாலை ரோட்டில்
மூன்றாவது வால்வைத் திறக்கப் போகும் ஏற்றத்தில்
இரண்டாம் கியர் கைவிட்டது.
பெடல் காற்றை மிதித்தது.
முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்ததை
டீக்கடை மொத்தமும் பார்த்தது.

ஓசூர் குவார்ட்டர்ஸில்
மாற்றலாகிப் போனவரிடம் வாங்கிய வண்டி.
பின்சக்கர நடுவே ஓர் எஃகுக் குடம்,
மூன்று கியரும் அதன் வயிற்றில்.
பதினோரு வருஷச் செம்மண்,
மாங்காய் சீசன் மழை,
ஒகேனக்கல் குழாய் வெடித்த அன்றைய சேறு,
எதுவும் உள்ளே போனதில்லை.
நானும் போனதில்லை.
மாசம் ஒருமுறை சின்ன மூடியை நெம்பி
நாலு சொட்டு தையல் மிஷின் எண்ணெய்.
மற்றபடி மறந்திருந்தேன்.

"கழட்டிப் போடு மாதேஸ்வரி,
சாதா வீலு மாட்டிரலாம்"
என்றார் பென்னாகரம் கடை இதாயத்.
பஞ்சாயத்தில் நல்ல மோட்டாரை
இப்படித்தான் ஏலம் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை.
கழற்றிய வரிசையிலேயே
கேரம் போர்டு மேல் அடுக்கி வந்தேன்.
நடுவில் சூரியன்,
அச்சோடு பிறந்தது, அசையாது.
சுற்றிலும் நாலு கோள்.
எட்டாம் வகுப்பில் இதே படத்துக்குத்தான்
எனக்கு அரை மார்க் போனது.
ஒவ்வொரு பல்லாக நகத்தால் வருடினேன்.
வெட்டில்லை, கறையில்லை.
என் பல்லைவிட நல்ல பல்.
(போர்த்தண்ணி குடித்து வளர்ந்த
எங்கள் செட்டில் யாரும்
போட்டோவுக்கு வாய் திறப்பதில்லை.)

மண்ணெண்ணெயில் கழுவி
எல்லாம் மாட்டி எழுந்தால்
துப்பட்டா மடிப்பிலிருந்து விழுகிறது
இமைமயிர் கனத்தில் ஒரு ஸ்பிரிங்.
மறுபடி முதலிலிருந்து.
மகன் கேரம் போர்டைக் கேட்டு
அழுது ஓய்ந்து தூங்கிப் போனான்.

ராத்திரி பத்தேகால்.
தெருமுனை மேட்டில் ஏற்றிப் பார்த்தேன்.
அதே இரண்டாம் கியர்,
அதே வழுக்கல்.

அப்போதுதான் வெளியே பார்த்தேன்.
உள்ளிருந்து வரும் பொடிச் சங்கிலி
கேபிளோடு சேரும் இடத்தில்
ஒரு திருகு.
பதினோரு வருஷ இழுப்பில்
ஓர் அரிசி நீளம் தொய்ந்திருந்த கம்பி.
இரண்டு விரலால் அரைத் திருகு.
டிக் டிக் டிக் என்றது குடம்,
கோபமே இல்லாமல்.

காலையில் உதவிப் பொறியாளர் போன்:
காலனிக் கடைசித் தெருவுக்குத் தண்ணி ஏறலை,
ஜேசிபி சொல்லியாச்சு,
ரோட்டைப் பிளந்துதான் பாக்கணும்.

நான் வர்ற வரைக்கும்
தோண்டாதீங்க சார் என்றேன்.
வால்வு சாவி கேரியரில் கிடந்து குதிக்க
ஏற்றம் தொடங்கியது.
இரண்டாம் கியர்.
டிக் டிக்.