ஈடான தாள்

திர்ஹம் கீழக்கரைக்கு வந்தால்
இருபதுக்கு மேல் பெருகும்.
ரியாலும் அப்படித்தான், ரிங்கிட்டும்.
கடல் தாண்டி வந்த எதுவும்
இந்த ஊரில் குறைந்து நான் பார்த்ததில்லை,
நிலோபர் நாச்சியாவின் கிரெடிட்டைத் தவிர.

போர்ச்சுகலில் அது முப்பது.
எங்கள் விதிப்படி இரண்டுக்கு ஒன்று.
பதினைந்து என்று பென்சிலால் எழுதினேன்.
அங்கே மாணவி செலவழித்த நேரமெல்லாம் கணக்காம்:
வகுப்பு, நூலகம், முழங்கால் சேற்றில் நின்ற காலை,
ஒன்றும் விளங்காமல் விழித்துக் கிடந்த இரவு.
இங்கே
வாத்தியார் நின்ற நேரம் மட்டும்.

மதிப்பெண் பட்டியலில் பதினேழு, பதினாறு, பதினெட்டு.
அவர்கள் இருபதுக்குப் போடுகிறவர்கள்.
எனக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.
நூற்றுக்குப் பதினேழு என்று வாசித்து
ஐந்து தாளிலும் அரியர் போட்டுவிட்டது.
அன்று மாலையே ஷார்ஜாவிலிருந்து அவள் வாப்பா பேசினார்.
சத்தம் போடவில்லை.
“நான் கட்டினது யூரோவில், டீச்சர்” என்று
இரண்டு முறை சொன்னார்.
நான் டீச்சர் இல்லை, தேர்வுப் பிரிவு எழுத்தர் என்பதை
அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அதைத் திருத்த மூன்று வாரம்.
கச்சான் எழும்பிய பிறகுதான் குழு கூடியது.
ஜன்னல் கதவு அடித்துக்கொண்டேயிருக்க
ஜெபமாலை சார் ஒவ்வொரு தாளாக எடுத்தார்.

கடற்புல் சூழலியல்.
நம்மிடம் இதற்கு ஈடு எது?
நாலாம் அலகில் அரைப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.
நிலோபர் எழுந்தாள்.
“மூணாவது வாரம் ஒரு வரைபடம் போட்டாங்க சார்.
பார்த்தா மண்டபத்துக்கு வடக்குப் பக்கம்.
இந்தப் புல்லுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு
என்னத்தான் கேட்டாங்க.
எனக்குத் தெரியல.
ராத்திரி தொண்டி மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.”
“என்ன சொன்னாரு?”
“ஊசித்தாழை.”
பாம்பன்காரர் சிரித்துவிட்டார்.
“ஆவுளியா மேயுற தாழை” என்றபடியே
மூன்று கிரெடிட்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

நாலு தாள் கரையேறியது.
ஐந்தாவது, போர்ச்சுகீசிய மொழி.
போகும்முன் போட்ட ஒப்பந்தத்தில் அது இல்லை.
எழுதிக் கொடுத்த தாளுக்கு அங்கே ஆள் சேரவில்லை,
இரண்டாம் வாரம் இதற்கு மாறியிருக்கிறாள்.
மாற்றத்துக்குத் துறைத்தலைவர் கையெழுத்து வாங்கவில்லை.
மேலும், ஈடான தாள் இல்லை.
பதினைந்தை அழித்து
பன்னிரண்டு என்று மையால் எழுதினேன்.

குழு டீ குடிக்கப் போனது.
அவள் என் எதிரில் உட்கார்ந்து
மறுபரிசீலனை மனுவை நிரப்பினாள்.
ஈடு என்ற கட்டத்தில் மட்டும்
பேனா நகரவில்லை.

“ஒண்ணு சொல்லவா அக்கா?
போன முதல் நாள் ரூம்ல மூச்சுமுட்டுச்சு.
வாய் தவறி ஜன்னல்னு தமிழ்லயே சொல்லிட்டேன்.
கூட இருந்த பொண்ணு எழுந்து போயி
திறந்து விட்டுட்டா.”

நான் திரும்பிப் பார்த்தேன்.
அடித்துக்கொண்டிருந்தது அதேதான்.
அப்புறம் அவள் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்:
மேசை. அலமாரி.
என் இடுப்பில் கிடந்த சாவி.
பதினோரு வருடமாக
யாரிடமும் கையெழுத்து வாங்காமல் வந்த சரக்குக்கு நடுவில்
நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

“இதையெல்லாம் எழுதவா?”
“கட்டம் சின்னதும்மா” என்றேன்.

ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு
ஏர்வாடி பஸ்ஸுக்கு ஓடினாள்.
மனுவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
அடுத்த கூட்டம் ஆகஸ்டில்.
காற்று நிற்காததால்
ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது.